மூன்று கைத் தலைவி: காதற்புதின அட்டைகள் குறித்து ஒரு நோக்கு

1993ஆம் ஆண்டு அமெரிக்காவில் கிறிஸ்டினா டாட் எழுதிய 'கேஸில்ஸ் இன் தி ஏர்' என்னும் காதற்புதினம் வெளிவந்தது. இடைக்கால இங்கிலாந்தில் நிகழும் கதை. அட்டையில் தலைவனும் தலைவியும் தழுவி நிற்கின்றனர். எண்ணிப் பார்த்தால் தலைவிக்குக் கைகள் மூன்று! நம் தெய்வங்களுக்கும் பல கைகள் உண்டு. ஆயினும் அவை இரட்டைப்படையில் அமைவதே வழக்கம். வரைந்தவரும் எண்ணவில்லை, பதிப்பித்தவரும் எண்ணவில்லை, நூல் கடைக்குச் சென்றுவிட்டது.

இத்தகைய அட்டைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1972இல் கேத்லீன் உட்விஸ்ஸின் 'தி ஃப்ளேம் அண்ட் தி ஃப்ளவர்' புதினத்தை ஏவன் பதிப்பகம் நேரடியாக மலிவுப் பதிப்பாகவே வெளியிட்டது. அது பெற்ற பெருவெற்றிக்குப் பின் வரலாற்றுக் காதற்புதினங்கள் பெருகின. அட்டைகளும் ஒரு வாய்பாட்டுள் அடங்கின. தொல்காப்பியர் கண்டிருப்பின் தனித்திணையே வகுத்திருப்பார். முதற்பொருள், கடற்பாறையும் அந்திப்பொழுதும். கருப்பொருள், குதிரையும் கோட்டையும். உரிப்பொருளோ புணர்தல் ஒன்றே. இருத்தலுக்கும் இரங்கலுக்கும் அங்கு இடமில்லை. எத்துணைக் குளிராயினும் தலைவன் சட்டைப் பொத்தானை இடுவதில்லை. ஜொஹானா லின்ட்ஸியின் 'டெண்டர் இஸ் தி ஸ்டார்ம்' (1985) அட்டையில் சட்டையோடு பிறவும் மறைந்துபோகவே, ஒட்டுத்தாள் ஒட்டி விற்க நேர்ந்தது.

எழுதியவர் பெரும்பாலும் பெண்கள், படித்தவரும் பெண்களே. பின் யாருக்காக இக்கோலம்? மருந்துக்கடை, மளிகைக்கடைகளின் கம்பி அடுக்குகளில் நூல்களை வைத்தவர் மொத்த விநியோகஸ்தர்கள். அவர்களுள் பெரும்பாலோர் ஆண்கள். அட்டை முதலில் அவர்கள் கண்ணைக் கவர வேண்டியிருந்தது. வாசகியரோ அட்டையை மறைத்துப் படித்தனர். பின்னர்ப் பதிப்பகத்தாரே மேலட்டையில் பூவை வைத்து, தழுவலை உள்ளட்டைக்கு அனுப்பினர்.

ஆயினும் ஏளனம் முழுவதும் வாசகியர் தலையில்தான் விழுந்தது. ஜேனிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட 'ரீடிங் தி ரொமான்ஸ்' என்னும் ஆய்வு, இல்லப்பணிகளுக்கிடையே தமக்கென ஒரு நேரத்தை இப்பெண்கள் வாசிப்பின்வழி ஒதுக்கிக்கொண்டதைப் புலப்படுத்தியது. அவர்கள் தேடியது அந்த அமைதியை. அட்டை காட்டியதோ வேறொன்றை. எனவே நம் நகைப்பு ஓவியத்தோடு நிற்றல் வேண்டும், படித்தவரைத் தீண்டலாகாது. டாட் அம்மையாரே தம் மூன்று கைத் தலைவியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அடுத்த தொகுதிக்கு அட்டை தேடும் நம் வட்டத்துக் கவிஞர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அச்சுக்கு அனுப்புமுன் கைகளை ஒருமுறை எண்ணிவிடுங்கள்.