யங்கோனாவும் தலைவலி மாத்திரையும்

1903-ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகத்திலிருந்து பிஜித் தீவுக்கு முதல் கூலிக் கப்பல் புறப்பட்டது. அதற்கு இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பே கல்கத்தாவிலிருந்து வடநாட்டு ஆட்களைக் கொண்டுபோக ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் போதவில்லை என்றுதான் நம் பக்கம் திரும்பினார்கள். 1916-ல் இந்த ஏற்றுமதி நிற்கும்வரை தென்னிந்தியாவிலிருந்து சுமார் 15,000 பேர் போயிருக்கிறார்கள். வட ஆற்காடு, செங்கல்பட்டு மாவட்டத்து ஜனங்களும் அதில் உண்டு. ஐந்து வருஷ ஒப்பந்தம். "அக்ரிமெண்ட்" என்ற சொல் அவர்கள் வாயில் "கிர்மிட்" ஆயிற்று. அங்கே நம் பெண்கள் பட்ட பாட்டைப் பாரதியார் பாடியிருப்பதால், பிஜி என்றால் நம்மில் பலருக்குக் கரும்புத் தோட்டம் ஞாபகம் வரும். அத்துடன் விட்டுவிடுவோம். அந்த ஜனங்கள் வேலை முடிந்த மாலையில் என்ன குடித்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

எனக்கும் அந்தக் கேள்வி தானாக வரவில்லை. நந்திவரம் ஏரிப் பக்கம் காலையில் என்னோடு நடக்க வரும் நண்பர் ஒருவர் இருக்கிறார். வயது 74, ஒடிசலான தேகம். அவருடைய சம்பந்தியின் பூர்வீகம் இங்கே, பிறந்தது பிஜியில் நாந்தி என்ற ஊரில், இப்போது இருப்பது சிட்னியில். போன மார்கழியில் வந்தவர் ஒரு பிளாஸ்டிக் பையில் பழுப்பு நிறப் பொடி கொடுத்துவிட்டுப் போனார். "ராத்திரி தண்ணியில கரைச்சுக் குடிங்க மச்சான், முட்டிவலி தெரியாது, நல்லா தூக்கம் வரும்" என்றாராம். நண்பர் ஏற்கெனவே முட்டிக்காக டோலோ 650 மாத்திரை காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் போடுகிறவர். "ரெண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா சார்? நீங்க நாலும் படிக்கிற ஆள், பார்த்துச் சொல்லுங்க" என்றார். நான் வைத்தியன் இல்லை. முப்பத்து நாலு வருஷம் அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். ஒரு மனு வந்தால் முன் கோப்பைத் தேடி எடுப்பதுதான் எனக்குத் தெரிந்த வித்தை. அப்படித் தேடியதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பொடிக்குக் காவா என்று பெயர். பிஜியில் யங்கோனா என்பார்கள். மிளகு, திப்பிலி, வெற்றிலை எல்லாம் எந்தக் குடும்பமோ அதே குடும்பத்துச் செடி. கேப்டன் குக் இரண்டாம் முறை உலகைச் சுற்றியபோது கூடப் போன ஃபார்ஸ்டர் என்ற ஜெர்மானியர் இதற்குத் தாவரவியல் பெயர் வைத்தார். "மயக்கம் தரும் மிளகு" என்பது அதன் பொருள். வெற்றிலையில் நாம் இலையை மெல்லுகிறோம், இதில் அவர்கள் வேரை எடுக்கிறார்கள். வேரை இடித்துத் தண்ணீரில் பிசைந்து துணியில் வடிகட்டினால் கலங்கிய சேற்றுத் தண்ணீர் போல ஒன்று வரும். கள் மாதிரி புளிக்க வைப்பதில்லை, சாராயச் சத்து துளியும் கிடையாது. குடித்தால் நாக்கும் உதடும் மரத்துப்போகும், உடம்பு தளரும், தூக்கம் வரும். நிறையக் குடித்துப் பழகியவர்களுக்குத் தோல் செதில் செதிலாக உரிவதை அந்தக் காலத்துக் கப்பல்காரர்களே கவனித்திருக்கிறார்கள்.

பிஜியர்களுக்கு இது சடங்குப் பானம். மரத்தில் குடைந்த தானோவா என்ற பெரிய பாத்திரத்தில் கலக்கி, தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு, கைதட்டி வாங்கிக் குடிப்பார்கள். நம்மவர்கள் சிரட்டையை வாங்கிக்கொண்டார்கள், சடங்கை அவ்வளவாக வாங்கிக்கொள்ளவில்லை. மாலையில் திண்ணைப் பேச்சுக்குத் துணையாக, கல்யாண வீட்டில், கருமாதி வீட்டில் பாத்திரம் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. சாதுக் குப்புசாமி 1926-ல் நாந்தியில் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தைத் தொடங்கிப் பள்ளிக்கூடங்கள் கட்ட வழி செய்தார். கூலிக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் வாத்தியார்களாகவும் வக்கீல்களாகவும் ஆனார்கள். யங்கோனா மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. நாம் காப்பியை எப்படிக் குடிக்கிறோமோ அப்படி. அது ஒரு மருந்து, அல்லது போதைப் பொருள், என்ற எண்ணமே சம்பந்திக்கு இல்லாததில் ஆச்சரியமில்லை.

அதை மருந்தாக்கியது ஐரோப்பா. ஜெர்மனியில் வேரின் சத்தைச் சாராயத்திலும் அசிட்டோனிலும் பிரித்தெடுத்துக் குளிகையாக்கி, மனப் பதற்றத்துக்கு என்று விற்றார்கள். 1990-களில் நல்ல வியாபாரம். பிறகு கல்லீரல் கெட்டுப்போன நோயாளிகள் ஒவ்வொருவராக ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பித்தார்கள். சிலருக்குக் கல்லீரலையே மாற்ற வேண்டியிருந்தது. 2002-ல் ஜெர்மனியும் பிரான்சும் தடை செய்தன. அதே ஆண்டு அமெரிக்க அரசும் எச்சரிக்கை விட்டது. வனுவாட்டு, பிஜி விவசாயிகள் வயிற்றில் அடி. "ஆயிரம் வருஷமாகக் குடிக்கிறோம், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று வாதாடினார்கள். தண்ணீரில் கரைப்பது வேறு, ரசாயனத்தில் இறக்குவது வேறு. வேர் வேறு, தண்டும் தோலும் வேறு. நல்ல ரகம் வேறு, மட்ட ரகம் வேறு என்றார்கள். அதில் நியாயம் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2007-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2014-ல் ஜெர்மானிய நீதிமன்றம் ஒன்று தடை செல்லாது என்றது. கோப்பு இன்னும் முழுதாக மூடப்படவில்லை.

தண்ணீரில் கரைத்தால் முற்றும் பத்திரம் என்ற வாதத்துக்கு எதிரான சாட்சி பிரெஞ்சுப் பிரதேசம் ஒன்றிலிருந்தே வந்தது. இங்கே என் பெரியப்பா மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் இருவரும் புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவர்கள். 1962-க்குப் பிறகு அவர் குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டது, எங்கள் குடும்பம் வைத்துக்கொள்ளவில்லை. அவர் சொல்தாவாகப் போய்ப் பசிபிக்கில் உள்ள நியூ கலிடோனியாவில், நூமேயா நகரத்தில், கொஞ்ச காலம் இருந்தார். அங்கே மாலையில் மங்கலான விளக்கு எரியும் காவாக் கடைகள் உண்டு, நகமால் என்று பெயர். சத்தம் போட்டுப் பேசக் கூடாதாம். "சாராயக் கடையில் சண்டை, இங்கே கோயில் அமைதி" என்று கடிதம் எழுதினார். அந்த நூமேயாவில்தான் வைத்தியர்கள் காவாவை நிறையக் குடிக்கும் 27 பேரைப் பரிசோதித்தார்கள். 23 பேருக்கு ரத்தத்தில் ஜி.ஜி.டி. என்ற கல்லீரல் அளவு கூடியிருந்தது. வெறும் தண்ணீர்க் காவா குடித்தே கல்லீரல் பாதிக்கப்பட்ட இரண்டு நோயாளிகளைப் பற்றியும் 2003-ல் எழுதினார்கள். கூடியிருந்தது என்றால் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. ஆனால் கல்லீரல் சும்மா இருக்கவில்லை என்று பொருள்.

இனி மாத்திரையின் கதை. பாரசிட்டமால் 1878-லேயே அமெரிக்காவில் ஒரு பரிசோதனைச் சாலையில் செய்யப்பட்டது. 1893-ல் ஜெர்மானியர் ஃபான் மேரிங் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு, அதைவிட ஃபெனாசெட்டின் மேல் என்று ஒதுக்கிவிட்டார். அரை நூற்றாண்டு அது தூங்கியது. ஃபெனாசெட்டினோ சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1948-ல் பிராடியும் ஆக்சல்ராடும், உடம்புக்குள் ஃபெனாசெட்டின் பாரசிட்டமாலாக மாறித்தான் வலியைப் போக்குகிறது என்று கண்டுபிடித்தார்கள். 1955, 56-ல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கடைக்கு வந்தது. அளவு மீறினால் கல்லீரலைத் தாக்கும் என்ற முதல் செய்தி 1966-ல்தான் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. அதாவது நாம் கல்லூரிக்குப் போன வயதில்.

அந்த நாளில் அனாசின், சாரிடான் எல்லாம் பெட்டிக்கடையில் பீடிக் கட்டுக்குப் பக்கத்தில் தொங்கும். ஒன்று கொடு என்றால் கத்தரித்துக் கொடுப்பார்கள். நம் மருந்துச் சட்டத்தின் விதிகளில் "கே" அட்டவணை என்று ஒன்று உண்டு. ஆயிரம் பேருக்கு மேற்படாத கிராமத்தில் ஆஸ்பிரின், பாரசிட்டமால், தைலம், கிரைப் வாட்டர் முதலானவற்றை உரிமம் இல்லாமலே விற்கலாம் என்கிறது. மருந்துக் கடை இல்லாத ஊருக்கு நல்ல ஏற்பாடுதான். கூடுவாஞ்சேரிக்கு அந்தச் சலுகை பொருந்தாது. ஆனால் மனதளவில் நாமெல்லாரும் இன்னும் அந்த ஆயிரம் பேர் கிராமத்தில்தான் இருக்கிறோம்.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். பாரசிட்டமால் கல்லீரலில் உடைபடும்போது அதில் ஒரு சிறு பங்கு நச்சுப் பொருளாக மாறுகிறது. அதை அடக்கக் கல்லீரலில் குளுட்டாதயோன் என்ற கையிருப்பு இருக்கிறது. வயது, மெலிந்த உடம்பு, சரியாகச் சாப்பிடாமை, தினசரிக் குடி இவையெல்லாம் அந்த இருப்பைக் குறைக்கும். காவாவும் அதே கல்லீரல் வழியாகத்தான் போக வேண்டும், மருந்துகளை உடைக்கும் நொதிகள் சிலவற்றையும் அது தடுக்கிறது. 2014-ல் அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. காவாவில் உள்ள ஃபிளாவோகவைன் என்ற பொருள்களை எலிகளுக்குக் கொடுத்துப் பிறகு பாரசிட்டமால் கொடுத்தால், மாத்திரை மட்டும் கொடுத்த எலிகளைவிடக் கல்லீரல் அதிகம் கெட்டது. எலிக்கு நடந்ததெல்லாம் மனிதனுக்கும் நடக்கும் என்று கட்டாயமில்லை. ஆனால் 74 வயதில் முட்டிவலிக்காக அந்தப் பரீட்சையை நம்மேல் நடத்திப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. புரூஃபென், ஆஸ்பிரின் என்று மாற்றிக்கொள்ளலாமே என்றால், அவை வயிற்றுப் புண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் வேறு கணக்கு வைத்திருக்கின்றன.

நண்பரை டாக்டரிடம் பொடியையும் மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போகச் சொன்னேன். டாக்டர் முதலில் கூட்டல் கணக்குப் போட்டார். மூன்று 650 என்றால் 1,950 மில்லிகிராம். அந்த வாரம் ஜலதோஷத்துக்கு வாங்கிய மாத்திரையிலும் பாரசிட்டமால் 500 இருந்தது, அது இரண்டு வேளை. ஆக மொத்தம் 2,950. திடகாத்திரமான ஆளுக்கு ஒரு நாளைக்கு 4,000 என்பது உச்சவரம்பு, உங்கள் எடைக்கு அது பொருந்தாது என்று மாத்திரையைக் குறைத்தார். பொடியை நிறுத்தினார். ரத்தப் பரிசோதனையில் இரண்டு அளவுகள் கொஞ்சம் ஏறியிருந்தன. ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது இறங்கிவிட்டன. சம்பந்திக்கு மனக்குறைதான். சமாதானம் சொல்வது நண்பரின் மனைவி பொறுப்பு.

காவா எங்கோ பசிபிக் சமாசாரம், நமக்கென்ன என்று நினைப்பவர்கள் 2020-ஐ யோசித்துப் பாருங்கள். கொரோனா வந்தபோது நம் வீடுகளில் ஒரு பக்கம் கபசுரக் குடிநீர், இன்னொரு பக்கம் பாரசிட்டமால். கபசுரத்தில் சேரும் பதினைந்து சரக்கில் சீந்தில் ஒன்று. வடக்கே அதைக் கிலோய் என்று தனியாகவே மாதக்கணக்கில் குடித்தார்கள். 2022-ல் இந்தியாவின் பல ஊர்க் கல்லீரல் வைத்தியர்கள் சேர்ந்து, சீந்தில் சாப்பிட்ட பின் கல்லீரல் வீங்கி வந்த 43 பேரைப் பற்றி எழுதினார்கள். அது சீந்தில்தானா, அதைப்போல இருக்கும் வேறு கொடியா என்று ஆயுஷ் அமைச்சகம் கேட்டது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் வாங்குகிற நமக்கு எந்தக் கொடி என்று எப்படித் தெரியும்? டாக்டர் "வேற மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா" என்று கேட்டால் நாம் "ஒண்ணுமில்லீங்க" என்போம். கஷாயம் நம் கணக்கில் மருந்து இல்லை. சம்பந்திக்கு யங்கோனா மருந்து இல்லாதது போலத்தான்.

பிரெஞ்சுக்காரர்களுக்குக் கல்லீரல் மேல் ஒரு தனி அபிமானம். கொஞ்சம் அதிகமாகச் சாப்பிட்டு வயிறு மந்தமானாலும் "ஃபுவா" என்று கல்லீரலைத்தான் குற்றம் சொல்வார்கள். அதனால்தானோ என்னவோ, 2019-ல் பாரசிட்டமால் பெட்டிகளின் மேல், அளவு மீறினால் கல்லீரல் அழியக்கூடும் என்று பெரிய எழுத்தில் போடச் சொல்லி உத்தரவிட்டார்கள். அடுத்த ஜனவரியில், கடைக்குள் நாமே கை நீட்டி எடுக்க முடியாதபடி மருந்துக் கடைக்காரரின் முதுகுக்குப் பின்னால் அதை வைக்கச் சொன்னார்கள். பென்ஷன்கார அண்ணன் போன முறை கொண்டுவந்த டோலிப்ரான் பெட்டி என் மேஜையில் இருக்கிறது, அந்த எழுத்து அதில் இருக்கிறது. நண்பர் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் என்னிடம் விட்டுவிட்டுப் போன பழுப்புப் பொடிப் பையும் பக்கத்தில் இருக்கிறது. அதன் மேல் ஒரு எழுத்தும் இல்லை.