மொத்தம் இருபத்து நான்கு

திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் இடையிலுள்ள கீரனூரில் என் சித்தப்பா பிள்ளையின் வீடு இருக்கிறது. சென்ற கோடையில் அங்கே ஒரு வாரம் தங்கியிருந்தேன். பகலெல்லாம் திண்ணையில் தாயக்கட்டை உருளும். தாயம் விழாத பாவி ஒரு காயைக்கூட இறக்க வழியில்லாமல், மற்றவர்களுடைய காய்கள் பழுப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

திண்ணையின் மறுகோடியில் வீட்டுப் பையன் பென்ஸிலும் காகிதமுமாக இருந்தான். கல்லூரிப் பரீட்சையில் ஒரு பாடம் தவறிப்போனவன். "நாலாம் வீட்டில் பரல் குறைச்சல், அண்ணா. படிப்பு எப்படி வரும்?" என்று அவன் தகப்பன் என்னிடம் சொல்லியிருந்தான். பையன் காதிலும் விழும்படியாகத்தான் சொன்னான்.

காகிதத்தை எட்டிப் பார்த்தேன். 'பலம் 11, லாகவம் 13' என்று எழுதியிருந்தது.

"யாரடா இவன்?"

"விளையாட்டில் என் வீரன், பெரியப்பா."

"இரண்டிலும் இருபது போடேன். காசா, பணமா?"

"முடியாது பெரியப்பா. மொத்தம் 24தான்."

எனக்குச் சுருக்கென்றது. நாவல் எழுதுகிறவன் நான். அழகு, வீரம், கல்வி, வீணை எல்லாவற்றையும் ஒரே கதாநாயகன் தலையில் கொட்டியிருக்கிறேன். கணக்குக் கேட்டவர் யாருமில்லை. ஊர் திரும்பியதும் இந்த விளையாட்டின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன்.

புதுக்கோட்டை தனி மாவட்டமான அதே 1974 ஜனவரியில், அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டிலிருந்து பிறந்தது அது. படை முழுவதையும் நடத்துவதற்குப் பதில், ஒவ்வொருவரும் ஒரே ஒரு பாத்திரமாகி, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாய்ப்பேச்சாலேயே கதையை வளர்க்க வேண்டும். பலம், புத்தி, விவேகம், உடலுறுதி, லாகவம், வசீகரம் என்று ஆறு குணங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பகடைகளை உருட்டி, விழுந்ததைக் கூட்டிக்கொள்ள வேண்டும். குறைந்தது 3, அதிகம் 18. அந்தப் பதினெட்டோ 216 தடவைக்கு ஒரு தடவை விழக்கூடியது. விழாதவன் விதியை நொந்துகொள்ளலாம். ஆக, இதுவும் தாயக்கட்டை நியாயந்தான்.

1977-இல் ஸ்டீவ் ஜாக்சன் என்பவர் 'மெலீ' என்ற சிறு விளையாட்டில் வேறு வழி கண்டார். அவருடைய விதி ஒரே மூச்சில் சொல்லிவிடக்கூடியது. பலம், லாகவம் என்று இரண்டே குணங்கள். இரண்டுக்கும் எட்டு எட்டு நிச்சயம் உண்டு. மேலும் 8 புள்ளிகளை இஷ்டம்போல் பங்கிட்டுக்கொள்ளலாம். மொத்தம் 24. இப்படிப் பிறக்கக்கூடிய வீரர்கள் ஒன்பதே வகை.

எளிய விதிதான், ஆனால் பொல்லாதது. பலம் கூடினால் கனத்த ஆயுதத்தைத் தூக்கலாம், நிறைய அடி தாங்கலாம். ஆனால் எதிரியை அடிக்க, மூன்று பகடைகளின் கூட்டுத்தொகை லாகவத்துக்கு மேற்படாமல் விழ வேண்டும். லாகவம் 12 உள்ளவனுக்கு நான்கில் மூன்று அடி படும். 8 உள்ளவனுக்கு நான்கில் ஒன்றுதான் படும். கவசம் போட்டால் லாகவம் இன்னும் குறையும். எல்லாவற்றையும் பலத்திலே போட்ட பீமன், பெரிய வாளை வீசிக் காற்றைத்தான் வெட்டுவான்.

மறு வருஷமே மந்திரவாதிகளுக்காக 'விஸார்ட்' வந்தது. புத்தியும் சேர்ந்து குணங்கள் மூன்று, புள்ளிகள் 32. மந்திரம் போடப் போடப் பலம் கரையும். 1981-இல் வெளியான 'சாம்பியன்ஸ்' இன்னும் ஒரு படி போயிற்று. விடாமல் துரத்தும் பகைவன் போன்ற குறை ஒன்றை நாமே ஏற்றுக்கொண்டால், அதற்கு ஈடாக அதிகப் புள்ளிகள் கிடைத்தன. குறைக்கும் ஒரு மதிப்பு உண்டு என்பதை, மனிதரைப் படைக்கத் துணிந்த நாவலாசிரியர்கள் எத்தனை பேர் அறிந்திருக்கிறோம்?

படித்துக்கொண்டிருக்கும்போதுதான் பையனுடைய 'பரல்' ஞாபகம் வந்தது. நம் ஜோதிடத்தில் அஷ்டவர்க்கம் என்று ஒரு கணக்கு உண்டு. ஏழு கிரகங்கள் பன்னிரண்டு வீடுகளுக்கும் பரல்களைப் பங்கிடுகின்றன. சூரியனுடையது 48, சந்திரனுடையது 49, குருவுடையது 56 என்று எல்லாவற்றையும் கூட்டினால் 337. ராஜாவுக்கும் 337, அவர் பல்லக்கைச் சுமப்பவனுக்கும் 337. வீட்டுக்குச் சராசரி 28. ஜோதிடத்தில் எனக்கு நம்பிக்கை உண்டா என்பது வேறு விஷயம். அங்கே பங்கிடுவது கிரகம், இங்கே ஆடுகிறவன். ஆனால், மொத்தம் எல்லோருக்கும் ஒன்றே என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன.

அடுத்த முறை கீரனூர் போனபோது, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் பையனுடைய ஜாதகத்தை எடுத்து வரச் சொன்னேன். தம்பி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டம் கட்டமாகப் படித்தான். நாலாம் வீட்டில் 22.

"அது தெரிந்ததுதானே! மொத்தத்தைக் கூட்டு."

கூட்டினான். "337" என்றான்.

"அப்படியானால் நாலில் குறைந்தது எங்கே போயிற்று?"

அவன் பதில் சொல்லவில்லை. விரலை மறுபடியும் முதல் கட்டத்திலிருந்து நகர்த்தத் தொடங்கினான். மூன்றாம் வீட்டில், தைரிய ஸ்தானத்தில், விரல் நின்றது. 36. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையை நிமிர்த்தி, திண்ணையில் ரப்பரால் எதையோ அழித்துத் திருத்தி எழுதிக்கொண்டிருந்த மகனை, புதிதாகப் பார்ப்பவன்போலப் பார்த்தான்.