பனிச்சரிவில் நடந்த பேனா

1894 மார்ச் 23. சுவிட்சர்லாந்தின் டாவோஸிலிருந்து மூன்று பேர் பனிமலையைத் தாண்டி அரோசாவுக்குக் கிளம்பினார்கள். இருவர் உள்ளூர்க்காரர்களான பிராங்கர் சகோதரர்கள். மூன்றாமவர் ஆர்தர் கோனன் டாயில். ஷெர்லாக் ஹோம்ஸை இதே நாட்டின் ரைஷன்பாக் அருவியில் தள்ளிக் கதையை முடித்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. காசநோயாளியான மனைவி லூயிசாவின் உடல் தேறட்டும் என்று டாவோஸுக்கு வந்தவரை, நார்வேயிலிருந்து வந்த பனிச்சறுக்குக் கட்டைகள் பிடித்துக்கொண்டன.

வழியில் ஒரு செங்குத்துச் சரிவு. கட்டைகளைக் கழற்றி, சேர்த்துக் கட்டி, அதன்மேல் உட்கார்ந்து இறங்கலாம் என்றார்கள். டாயிலின் கட்டைகள் கைநழுவித் தனியே ஓடிவிட்டன. மனிதர் பனியில் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினார். கால்சட்டையின் பின்புறம் தேய்ந்துபோனது. அரோசா விடுதிப் பதிவேட்டில் தொழில் என்ன என்ற இடத்தில் டோபியாஸ் பிராங்கர் அவருக்காக 'விளையாட்டு வீரர்' என்று எழுதிவைத்தார். டாயிலுக்கு அதில் பெருமை.

அந்த டிசம்பரில் 'ஸ்ட்ராண்ட்' இதழில் பயணக் கட்டுரை வந்தது. பனிச்சறுக்குக்காகவே ஆங்கிலேயர்கள் நூற்றுக்கணக்கில் சுவிட்சர்லாந்துக்கு வரும் காலம் வரும் என்று அதில் சொன்னார். வந்தது. ஊர் பெயரெடுத்த பிறகு வந்து சேர்கிறவர்தான் பயண எழுத்தாளர் என்று நினைக்கிறோம். ஆல்ப்ஸில் எழுத்து முந்திக்கொண்டது.

டாயில் தொட்டுவிட்டுப் போனதை வாழ்நாள் வேலையாக்கியவர் ஆர்னல்ட் லன். பிறந்தது 1888இல், நம் மதராஸில். மெதடிஸ்ட் மிஷனரியாக இங்கே வந்த அப்பா ஹென்றி லன், ஊர் திரும்பியபின் பயண ஏற்பாட்டுத் தொழிலில் இறங்கி, ஆங்கிலேயக் குடும்பங்களைக் குளிர்காலத்தில் ஆல்ப்ஸுக்கு அழைத்துப்போனார். அப்பா பயணம் விற்றார், மகன் அதே மலைகளைப் பற்றி எழுதினார். சுற்றுலா நிறுவனங்களின் செலவில் போய்வந்து எழுதும் இன்றைய ஃப்ரீலான்ஸ் எழுத்தாளரின் சங்கடம் அந்த வீட்டிலேயே தொடங்கிவிட்டது எனலாம்.

ஆனாலும் லன் விளம்பரம் எழுதியவர் அல்ல. 1909இல் வேல்ஸில் மலையேறும்போது விழுந்து வலது கால் நொறுங்கியது. அந்தக் கால் கடைசிவரை குட்டையாகவே நின்றுவிட்டது. அதோடுதான் 1917இல் 4,545 மீட்டர் உயர டோம் சிகரத்தைப் பனிச்சறுக்குக் கட்டைகளோடு ஏறினார். ஐம்பதுக்கும் மேற்பட்ட நூல்கள் எழுதினார். பிரிட்டிஷ் பனிச்சறுக்கு ஆண்டு மலரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு நடத்தினார்.

அவர் எழுத்தின் பெரிய சண்டை நார்வேக்காரர்களோடு. தாண்டுவதும் நெடுந்தூரம் ஓடுவதும்தான் உண்மையான பனிச்சறுக்கு என்றார்கள் அவர்கள். மரங்களுக்கிடையே வளைந்து வேகமாக இறங்குவதும் திறமைதானே என்றார் லன். வளைவின் அழகுக்கு மதிப்பெண் போடும் வழக்கத்தை அவர் ஒதுக்கினார். 1922 ஜனவரியில் மியூரன் கிராமத்துச் சரிவில் மரங்களுக்குப் பதிலாக இரட்டை இரட்டையாகக் கொடிகளை நட்டு, யார் சீக்கிரம் இறங்குகிறார் என்று கடிகாரத்தை மட்டும் பார்த்தார். இன்றைய ஸ்லாலம் அதுதான்.

வாதம் ஓயவில்லை. 1930இல் சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு ஸ்லாலத்தை ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டே மியூரனில் முதல் உலகப் போட்டி, பெண்களுக்கும் சேர்த்து. 1936இல் கார்மிஷ்-பார்டன்கிர்சென் ஒலிம்பிக்கில் இடம் கிடைத்தது. 1952இல் லன் சர் பட்டம் பெற்றார், 1974இல் மறைந்தார்.

அடுத்த குளிர்கால ஒலிம்பிக்கில் வீரர்கள் கொடிகளுக்கிடையே நெளிந்து இறங்குவதைப் பார்க்கும்போது, முதலில் அவற்றை நட்ட கை மதராஸில் பிறந்த ஓர் எழுத்தாளருடையது என்பதைப் பக்கத்திலிருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.