கூந்தல் வழக்கு

பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று பாண்டியன் அவையில் நடந்த வாதம் நமக்குத் தெரிந்ததே. 1965இல் வந்த 'திருவிளையாடல்' படம் அதை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. பரஞ்சோதி முனிவரின் புராணத்தில் ஐயம் அரசனுக்கு, பாட்டு இறைவனுக்கு, பொற்கிழி தருமிக்கு, மறுப்பு நக்கீரருக்கு. பதுமினி, தேவமாதர், ஞானப்பூங்கோதை என்று படிப்படியாக ஏறும் அந்த விசாரணையில், கூந்தலுக்கு உரிய பாண்டிமாதேவியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஃபெரோமோன் கலந்தது என்று விற்கப்படும் வாசனைத் திரவியங்களைப் பார்க்கும்போது அந்த அவைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

ஓர் உயிர் வெளியிட்டு, அதே இனத்தின் இன்னோர் உயிரின் நடத்தையை மாற்றும் வேதிப்பொருளுக்கு 1959இல் வைத்த பெயர் ஃபெரோமோன். அதே ஆண்டு ஜெர்மனியின் அடால்ஃப் புட்டெனன்ட், ஏறக்குறைய 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளின் சுரப்பிகளிலிருந்து அப்படி ஒன்றைப் பிரித்துக் காட்டினார்.

நான் வாழும் நீலகிரியில் இதற்கு யானையே சாட்சி. பெண் யானையின் சிறுநீரைத் தும்பிக்கை நுனியால் தொட்டு, வாய்க்குள் மேலண்ணத்தில் வைத்துப் பார்க்கும் ஆண் யானை. அங்கே அதற்கென்றே ஓர் உறுப்பு இருக்கிறது. ஆசிய யானையின் அந்த வேதிப்பொருளை 1996இல் அடையாளம் கண்ட குழுவின் தலைவர் பெட்ஸ் ராஸ்முசென் என்ற பெண். நூற்றுக்கும் மேற்பட்ட அந்துப்பூச்சி இனங்கள் பயன்படுத்தும் அதே பொருள்! தன் காலம் எது என்பதை இங்கே பெண் யானைதான் அறிவிக்கிறது.

முதுமலை தெப்பக்காடு யானை முகாமைப் பார்த்துத் திரும்பும் வழியில் மாணவி ஒருத்தி கேட்டாள்: "அப்படின்னா ஆம்பளைங்களால கட்டுப்படுத்திக்கவே முடியாதா மேடம்?" 'அவள் உடம்புதான் அழைத்தது' என்ற பழைய சாக்குக்கு அறிவியல் சட்டை போட்டுவிடுகிறார்களோ என்ற பயம் அந்தக் கேள்வியில் இருந்தது.

வளர்ந்த மனிதரிடம் அந்த உறுப்பு வேலை செய்வதற்கு ஆதாரமில்லை. 1991இல் வாசனைத் திரவிய நிறுவனம் ஒன்றின் தொடர்போடு இரண்டு வேதிப்பொருள்கள் மனித ஃபெரோமோன்களாக முன்வைக்கப்பட்டன. அவற்றுக்கு உறுதியான சான்றே இல்லை என்று 2015இல் எழுதினார் ஆக்ஸ்ஃபோர்டின் டிரிஸ்ட்ரம் வயாட். ஒருவரின் வாசனை இன்னொருவருக்குப் பிடிக்கலாம். ஆனால் பிடித்தம் கட்டளை ஆகாது.

நம்பிக்கை தரும் தடயமாக வயாட் சுட்டியது படுக்கையறை சார்ந்ததே அல்ல. பாலூட்டும் தாயின் முலைக்காம்பைச் சுற்றியுள்ள சுரப்பிகளின் கசிவு அது. 2009இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில், பிறந்து 3 நாளான குழந்தைகளின் மூக்கருகே அதை வைத்தார்கள். வேறொரு தாயினுடையதாக இருந்தும், குழந்தைகள் வாயால் தேடின.