பிரிக்பீல்ட்ஸ் சூளையும் காப்பார் சாம்பலும்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திற்கு அப்பெயர் வந்த காரணத்தை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. செங்கல் அறுத்துச் சுட்ட வெளி என்பதே அதன் பொருள். சென்னையிற் சூளை என்றும் சூளைமேடு என்றும் வழங்கும் இடப்பெயர்களைப் போன்றதே இதுவும். பெயர் நிலைத்தது, சூளைகள் மறைந்தன. ஆயினும் அச்சூளைகள் உண்ட மண்ணும் விறகும் எவ்வளவு என்னும் வினா இக்காலத்திற் புதிய வலிமையோடு எழுந்துள்ளது. ஒரு கட்டடப் பொருள் நிலத்திலிருந்து எடுக்கப்படுவது முதல் இடிபாடாகி மீண்டும் மண்ணிற் சேர்வது வரை, காற்றுக்கும் நீருக்கும் நிலத்துக்கும் விளைக்கும் கேட்டை அளந்து காட்டும் முறைக்கு வாழ்நாள் மதிப்பீடு என்று பெயர். அம்முறையின் பயனையும் அதிலுள்ள சிக்கலையும் விளக்குதற்குக் கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாறே போதுமானது.

அத்தாப்புக் கூரையும் மரச்சுவருமாக இருந்த கோலாலம்பூர் 1881-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தீக்கிரையாயிற்று. அவ்வாண்டு முடிவதற்குள் வெள்ளமும் வந்தது. மறு ஆண்டு சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், 1884-இல் நகரக் கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலும் அமைய வேண்டும் என்று விதித்தார். கப்பித்தான் யாப் ஆ லோயும், அவருக்குப் பின்வந்த யாப் குவான் செங்கும் செங்கல் தொழிலில் முனைந்தனர். தீயிலிருந்து தப்பச் செய்த ஏற்பாடு அது. அதன் நன்மையை மறுப்பார் இலர். எனினும், நகரில் மூளக்கூடிய தீயைத் தடுக்க, நகர்ப்புறத்தே வேறொரு தீயை இடைவிடாது மூட்ட வேண்டியதாயிற்று.

1894-இல் தொடங்கி 1897-இல் முடிந்த சுல்தான் அப்துல் சமத் கட்டடத்திற்கு ஏறத்தாழ 40 லட்சம் செங்கற்கள் ஆயின என்பர். சிமெண்டும் சுண்ணாம்பும் மரமும் இரும்பும் எவ்வளவு சென்றன என்றும் கணக்குச் சொல்வதுண்டு. அப்பட்டியலிற் காணாதது விறகு. ஒரு செங்கல்லின் எடை 3 கிலோகிராம் எனக் கொண்டால் மொத்தம் 12,000 டன். பழைய சூளையில் ஒரு கிலோகிராம் செங்கல் வேகுதற்கு 2 அல்லது 3 மெகாஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிலோகிராம் காய்ந்த விறகு தருவது 15 மெகாஜூல் அளவே. விறகிட்டே சுட்டனர் என்று கொள்ளின், 1,600 முதல் 2,400 டன் வரை விறகு எரிந்திருக்க வேண்டும். இது தோராயக் கணக்குத்தான். ஆயினும் கட்டடத்தைக் காண்பவன் கண்ணுக்குப் புலப்படாத ஒரு காட்டை அது காட்டிவிடுகிறது.

இனி, இக்கணக்கை வேறொரு பக்கமிருந்தும் பார்த்தல் வேண்டும். அக்கட்டடம் நூற்றிருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்தும் நிற்கிறது. அத்தாப்போ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டியது. ஆதலால் ஒரு கிலோ செங்கல்லையும் ஒரு கிலோ ஓலையையும் ஒப்பிடுவது அறியாமையாகும். ஒரு சதுர மீட்டர் சுவர், இத்தனை ஆண்டுக் காலம், இன்ன பயன் தந்து நிற்பதற்கு எவ்வளவு செலவாகிறது என்று கேட்பதே முறை. எடையை விட்டுப் பயனை அளவுகோலாகக் கொண்டமையே இத்துறையார் செய்த பெருந்திருத்தம் எனலாம்.

விறகுக்குப் பின் நிலக்கரி வந்தது. சிலாங்கூரின் பத்து ஆராங்கில் 1915 முதல் 1960 வரை சுரங்கம் நடந்தது. அங்கேயே செங்கல் தொழிலும் இருந்தது. அதற்கு அணித்தான ரவாங்கில் 1953-இல் சிமெண்டு ஆலை எழுந்தது. செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. செங்கற்சூளையிற் புகைவது பெரும்பாலும் எரிபொருளே. சிமெண்டு உலையிலோ கல்லே மூச்சுவிடுகிறது: ஒரு டன் தூய சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் 440 கிலோகிராம் கரியமில வாயு வெளியேறும். எரிபொருளை எவ்வளவு சிக்கனமாகச் செலவிட்டாலும் இது குறையாது. எரிபொருளின் புகையையும் சேர்த்தால், உலையில் உருவாகும் கிளிங்கர் ஒரு டன்னுக்கு 800 முதல் 900 கிலோகிராம் வரை ஆகும்.

இவற்றையெல்லாம் ஒழுங்காக எண்ணும் முறை கட்டடத் தொழிலிற் பிறந்ததன்று. 1969-இல் அமெரிக்காவிற் கொக்கோ கோலா நிறுவனம் தன் புட்டிகளைப் பற்றிச் செய்வித்த ஆய்வே முன்னோடி. 1997-இல் ஐ.எஸ்.ஓ. 14040 என்னும் உலகத் தரம் வெளிவந்தது; 2006-இல் அது திருத்தம் பெற்றது. கட்டடப் பொருள்களுக்கெனத் தனி விதிகள் பின்னரே அமைந்தன. மலேசியாவில் 2009-இல் பசுமைக் கட்டடக் குறியீடு நடைமுறைக்கு வந்தது.

முறை வந்தபின் சிக்கல் தீர்ந்ததா? காப்பாரை நோக்குக. ரப்பர்த் தோட்டங்களால் தமிழர்க்கு நெடுங்காலமாகத் தெரிந்த அவ்வூரின் கடலோரத்தில், 1980-களில் எழுந்த அனல் மின்னிலையம் பிற்காலத்தில் 2,420 மெகாவாட் அளவுக்கு வளர்ந்தது. அதன் பெரும்பகுதி கப்பலில் வந்த நிலக்கரியால் இயங்கியது. புகைபோக்கியை அடையுமுன் பிடிக்கப்படும் மென்சாம்பல் சிமெண்டிற் கலக்கத் தக்கது. காப்பார்ச் சாம்பலைக் கொண்டு மலேசியப் பல்கலைக்கழகங்களிற் கான்கிரீட் ஆய்வுகள் பல நடந்துள்ளன. சிமெண்டு இறுகும்போது மிஞ்சும் சுண்ணாம்போடு சாம்பலிலுள்ள மணற்சத்து கூடி வலுப்பெறுகிறது. சுண்ணாம்புக் காரையிற் செங்கற்பொடி சேர்த்து அரைத்த நம் பழைய கொத்தனார்களுக்கு இது புதுமையன்று.

நான்கில் ஒரு பங்கு சாம்பல் சேர்த்தால் கிளிங்கரும் அதன் புகையும் நான்கில் ஒரு பங்கு குறையும். சாம்பல் குப்பை, அதற்குச் சுமை ஏதுமில்லை என்று வைத்துக்கொண்டாலன்றோ இக்கணக்கு நிற்கும்! பத்தில் ஒரு பங்கு சாம்பல் கொண்ட நிலக்கரி ஒரு டன் எரிந்தால் ஏறக்குறைய 2 டன் கரியமில வாயு பிறக்கும். நிலக்கரியின் எடையிற் சாம்பல் பத்திலொன்று; ஆகவே புகையிலும் பத்திலொன்றை அதன் தலையிலேற்று என்று ஒருவர் வாதிட்டால், ஒரு டன் சாம்பலுக்கு 2 டன் வாயு பொறுப்பாகிறது. அது கிளிங்கரின் சுமையைப்போல் இரு மடங்குக்கும் மேல்! மூன்றாமவர் விலையை வைத்துப் பங்கிடுவார்; மின்சாரத்தை நோக்கச் சாம்பலின் விலை அற்பமாதலின் அதன் பங்கும் அற்பமாகும். ஆனால் சிமெண்டு ஆலைகள் போட்டியிட்டு வாங்கச் சாம்பலின் விலை ஏறினால், அதன் பாவமும் உடன் ஏறும். சாம்பல் ஒன்றே, கணக்கு மூன்று. கூடுமானவரை பங்கீட்டைத் தவிர்க்க என்றும், இயலாதபோது முதலிற் பொருளியல்பையும் பின்னரே விலை முதலியவற்றையும் நோக்குக என்றும் உலகத் தரம் கூறுகிறது. வழக்கு முற்றிலும் ஓய்ந்தபாடில்லை.

இதனால் மதிப்பீடே வீண் என்பது பொருந்தாது. எல்லை எங்கே வகுக்கப்பட்டது, பங்கீடு எவ்வாறு என்று வினவாமல், ஒரு மூட்டையின்மேல் அச்சிட்ட எண்ணை மட்டும் படித்து மகிழ்வதுதான் வீண். இன்னொரு குறையும் சுட்டத்தக்கது. இம்மதிப்பீடு தூசியின் எடையைச் சொல்லும். அது எவர் வீட்டு முற்றத்திற் படிந்தது என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. மின்னிலையத்தின் அருகே வாழ்பவர்க்கோ அதுதான் முதல் வினா.

புதிய நிலக்கரி மின்னிலையங்கள் கட்டுவதில்லை என மலேசிய அரசு 2021-இல் அறிவித்தது. நிலக்கரி குறைந்தால் சாம்பலும் குறையும். அதற்கு மாற்றாக, சுட்ட களிமண்ணையும் சுண்ணாம்புக் கல் தூளையும் சேர்த்துக் கிளிங்கரை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கும் சிமெண்டைச் சுவிட்சர்லாந்து, கியூபா நாட்டினரோடு சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட இந்தியக் கல்விக்கூடங்களும் ஆராய்ந்துள்ளன. கிளிங்கருக்கு 1,450 பாகை வெப்பம் வேண்டும். இக்களிமண்ணுக்கு 700 முதல் 850 பாகை போதும். அந்த வெப்பத்தை எதை எரித்துப் பெறுவது என்பது மட்டும், யாப் ஆ லோய் காலத்தைப் போலவே, சூளைக்காரரின் முடிவாக இருக்கிறது.