நிறம் மாறிய துண்டு

நான் தலைமையாசிரியனாக இருந்தபோது நடந்த சிறு நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். சாரணர் அணிவகுப்பிற்காகக் காக்கித் துணி வாங்கினோம். நான்கு மாணவர்களுக்குத் துணி போதவில்லை. அதே கடையில் அதே துணியைக் கேட்டு மீண்டும் வாங்கினோம். தைத்து வந்தபின் பார்த்தால், அந்த நால்வரின் உடை மட்டும் சற்றுப் பசுமை தட்டியிருந்தது. விருந்தினர் கண்ணில் படலாகாதென்று அவர்களைக் கடைசி வரிசையில் நிறுத்தினேன்.

சாயத்தின் இயல்பு அது. ஒரு தொட்டியில் தோய்த்த துணிக்கும் மறு தொட்டியில் தோய்த்த துணிக்கும் நீரின் தன்மையாலும், சூட்டின் அளவாலும், ஊறிய நேரத்தாலும் நிறம் சிறிது வேறுபடும். வெயிலும் சலவையும் அவ்வேற்றுமையைப் பின்னர் வளர்க்கும்.

இவ்வேற்றுமைக்கு நாணாத மக்களைப் பற்றி, ஓய்வு பெற்ற பின்னரே நான் படித்தறிந்தேன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், அலபாமா ஆறு மூன்று பக்கமும் வளைந்தோடும் இடத்தில் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் உள்ளது. 1816ஆம் ஆண்டில் ஜோசப் ஜீ என்பவர் அங்கே பருத்திப் பண்ணை அமைத்தார். 1845இல் அது மார்க் பெட்வே என்பவர் கைக்கு மாறியது. அவருக்கு அடிமைகளாயிருந்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள் பலர் இன்றும் பெட்வே என்னும் பெயரையே தாங்குகின்றனர். 1865இல் அடிமைத்தளை அறுந்தது, வறுமை அறவில்லை. 1932இல், கடன் கொடுத்திருந்த வணிகர் இறந்ததும், கடனுக்கு ஈடாக அவர்களுடைய கால்நடையும் கருவியும் தானியமும் பறிக்கப்பட்டன.

குளிர்காற்று புகும் வீடுகளில் போர்வையே உயிர்க்காப்பு. கடைத்துணி வாங்க வழியில்லாத பெண்கள், உழைத்துத் தேய்ந்த கால்சட்டைகளையும் மாவுச் சாக்குகளையும் கிழித்து ஒட்டுப் போர்வை தைத்தார்கள். பழைய நீலக் கால்சட்டையில் பையைப் பிரித்தெடுத்தால் அதன் அடியில் வெயில் படாத கருநீலம் தெரியும். அதை அவர்கள் மறைக்கவில்லை. அப்படியே வைத்துத் தைத்தார்கள். 1942இல் மிசௌரி பெட்வே என்னும் அம்மையார், இறந்துபோன தம் கணவரின் வேலை உடைகளைக் கொண்டே ஒரு போர்வை செய்தார். அதில் வெளுத்த நிறம் ஒவ்வொன்றும் அவர் வயலில் நின்ற நாள்களின் சுவடு.

அவ்வூரில் பெருவழக்கான அமைப்பு ‘வீட்டுக் கூரை’ எனப்படும். நடுவில் ஒரு சதுரம்; அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள். ஒரு நிறத் துணி பாதிச் சுற்றில் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது? வேறு நிறத்தை ஒரே மூலையில் ஒளித்து வைத்தால் அது குறையாகவே தோன்றும். அதையே இன்னும் இரண்டோர் இடங்களில் மீண்டும் வரச் செய்தால், கண் அதைத் திட்டமிட்ட அமைப்பாக ஏற்றுக்கொள்ளும். இவ்வாறு தம் மனம்போல் தைப்பதை அப்பெண்கள் ‘என் வழி’ என்றனர்.

1962இல், வாக்குரிமைப் போராட்டம் தலையெடுத்த காலத்தில், ஆற்றைக் கடக்கும் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அது 2006இல்தான் மீண்டது. எனினும் 1966இல் அவ்வட்டாரப் பெண்கள் ‘விடுதலைப் போர்வைக் கூட்டுறவு’ ஒன்றைத் தொடங்கினர். பெரிய கடைகளோ ஒன்றுபோல் மற்றொன்று இருக்கவேண்டுமென்று கேட்டன. 1972இல் சியர்ஸ் நிறுவனத்திற்காகக் கார்டுராய்த் துணியில் தலையணை உறைகள் தைத்தனர். உறைகள் ஒரே சீராகக் கடைக்குப் போயின. மிஞ்சிய துண்டுகள் வீட்டுக்கு வந்து, ‘என் வழி’ப் போர்வைகளாயின. 2002இல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் அருங்காட்சியகச் சுவர்களில் அவ்வூர்ப் போர்வைகள் தொங்கின. 2006இல் அவற்றின் வடிவங்கள் அமெரிக்க அஞ்சல் தலைகளில் இடம்பெற்றன.

மாணவர்களே, இதைப் படித்த நாளில் என் நினைவு அந்த நால்வரிடம் சென்றது. ஒருவனை முன்வரிசையிலும், ஒருவனைப் பின்வரிசையிலும், மற்ற இருவரை இடையிலும் நிறுத்தியிருந்தால் அணிவகுப்பு கெட்டிருக்காது. அவர்கள் தலை கவிழ்ந்தும் நடந்திருக்கமாட்டார்கள். துணி குறைந்தது என் கணக்குப் பிழை. அதற்கு நாணி நின்றவர்கள் அந்தச் சிறுவர்கள்.