புருண்ட்லாண்ட் அம்மையார்

காட்டையும் ஆற்றையும் காற்றையும் காப்பதற்குத் தனியே ஓர் அமைச்சர் வேண்டும் என்னும் எண்ணம் உலக அரசியலில் மிகப் பழமையானதன்று. நார்வே நாட்டில் அத்தகைய அமைச்சகம் 1972ஆம் ஆண்டில்தான் ஏற்பட்டது. அவ்வாண்டிலேயே ஸ்டாக்ஹோம் நகரில் ஐக்கிய நாடுகள் சபை கூட்டிய மாநாட்டில், வறுமையை ஒழியாமல் சூழலைக் காக்க இயலாது என்னும் கருத்தை நம் பிரதமர் இந்திரா காந்தி எடுத்துரைத்தார். ஏழை நாடுகள் வளரவும் வேண்டும், இயற்கை அழியாதிருக்கவும் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே கூடுமோ? இவ்வினாவுக்கு விடை காண முயன்றவர்களுள் முதன்மையானவர் நார்வேயின் குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட் அம்மையார்.

1939இல் பிறந்த அவர் தொழிலால் மருத்துவர். ஆஸ்லோவில் மருத்துவப் பட்டமும், 1965இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரப் பட்டமும் பெற்றார். நோயாளியை மட்டுமன்றி, அவர் பருகும் நீரையும் உயிர்க்கும் காற்றையும் ஆராய்வதே பொதுச் சுகாதாரம். ஆகவே 1974இல் அவர் சூழல் அமைச்சரானது அவரது கல்விக்குப் பொருந்தியதேயாகும். 1977 ஏப்ரலில் வடகடலில் பிராவோ என்னும் எண்ணெய் மேடையில் கிணறு கட்டு மீறிப் பீறிட்டது. எட்டு நாட்கள் வரை எண்ணெய் கடலில் கலந்தது. நாட்டுக்குச் செல்வம் தரும் பொருளே கடலுக்கு நஞ்சாகும் என்பதை அந்நாட்டார் அன்று கண்கூடாகக் கண்டனர்.

1981இல் அவர் நார்வேயின் முதற் பெண் பிரதமரானார். 1983இல் ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளர் அமைத்த உலக ஆணைக்குழுவுக்கு அவரே தலைவர். நம் நாட்டு நாகேந்திர சிங் அதில் ஓர் உறுப்பினர். அக்குழு பணியாற்றிய காலத்திலேதான் 1984இல் போபால் துயரமும், 1986இல் செர்னோபில் விபத்தும் நிகழ்ந்தன. 1987இல் வெளியான அறிக்கை, இன்று வாழ்வோர் தம் தேவைகளை நிறைவு செய்துகொள்ளும் முறை நாளை பிறப்போரின் வழியை அடைத்துவிடலாகாது என்னும் கொள்கையை நிலைநாட்டியது. 1992இல் ரியோ மாநாட்டுக்கு அதுவே அடிப்படையாயிற்று.

ஆயினும் உலகுக்குக் கூறிய நெறி சொந்த நாட்டில் கடுஞ் சோதனைக்குள்ளாயிற்று. வடகோடியிலுள்ள ஆல்ட்டா ஆற்றில் நீர்மின் திட்டம் அமைவதைக் கலைமான் மேய்க்கும் சாமி மக்கள் எதிர்த்துப் போராடினர். அம்மையாரின் தொழிற்கட்சி அரசு திட்டத்தைக் கைவிடவில்லை. அறிக்கை வெளியான அதே 1987இல் மின்நிலையமும் இயங்கத் தொடங்கியது. அப்போராட்டத்தின் விளைவாகச் சாமி மக்களின் உரிமைகள் சட்ட வடிவம் பெற்றன. 1989இல் அவர்களுக்கெனத் தனி மன்றம் கூடியது. 1991இல் நார்வே கரியமில வாயுவின் மீது வரி விதித்தபோது பிரதமர் அவரே. பல நாடுகள் கண்டித்தும் 1993இல் வாணிபத் திமிங்கில வேட்டையை மீண்டும் தொடங்கியதும் அவரது அரசே.

இம்முரண்பாட்டை நாம் எவ்வாறு கொள்வது? கொள்கை பொய்யென்று தள்ளுவது எளிது. ஆனால் வேலையும் மின்சாரமும் வேண்டி நிற்கும் இன்றைய வாக்காளரையும், வாக்களிக்க இயலாத நாளைய குழந்தையையும் ஒருங்கே எண்ணிப் பார்க்கும் பொறுப்பு எந்த நாட்டு ஆட்சியாளருக்கும் உண்டு. அப்பொறுப்புக்கு ஓர் அளவுகோலை வகுத்தளித்தவர் அவர். அவ்வளவுகோலால் அவரது ஆட்சியையே நாம் அளந்து பார்க்க முடிகிறதென்றால், அது அவர் பணியின் பயனேயாகும்.